டிஜிபிஎஸ் ரெண்டு நாளும் ஃபிக்ஸ் காட்டுச்சு, ஆனா அதே கல்லு 2 மீட்டர் தள்ளி விழுது. கரெக்‌ஷன் சர்வீஸ் வாங்கினா சரியாகுமா?

ஒடுகத்தூர்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க, மூணு நாளா இதே யோசனையா இருக்கு.

நான் ஒடுகத்தூர் பக்கம். டிப்ளமோ சிவில் முடிச்சிட்டு மூணு வருஷம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்குற கருவி) புடிச்சேன், இப்போ நானும் ஃப்ரெண்டும் சேந்து காசு போட்டு சேட்டிலைட்ட வச்சி நிலம் அளக்குற பழைய டிஜிபிஎஸ் செட்டு ஒண்ணு வாங்கியிருக்கோம், ஒரே எடத்துல அசையாம வைக்கிற பேஸ் ஒண்ணு, தூக்கிக்கினு போய் அளக்குற ரோவர் ஒண்ணு, ரேடியோ உள்ளயே இருக்குற மாடல். முதல் வேலை வெளியாளுக்கு வேணாம்னு எங்க சித்தப்பா மாந்தோப்புலயே ஆரம்பிச்சோம். 3 ஏக்கர் 40 சென்ட், சுத்தி கம்பி வேலி போடணும். எல்லைக்கல்லு நாலு தெரியுது, ரெண்டு மண்ணுக்குள்ள போயிடுச்சு. தாலுக்கா சர்வேயருக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி கல்லு எங்க இருக்கும்னு ஒரு அந்தாசு தெரிஞ்சா நல்லதுன்னு நைனா சொன்னாரு, அதுக்கு தான் இவ்ளோ வேலையும்.

தோப்பு ஓரத்துல ஒரு பாறை இருக்கு, அது மேல பெயின்ட்ல புள்ளி வச்சி பேஸ் வச்சோம். முதல் நாள் கிழக்கு பக்கமும் வடக்கு பக்கமும் எடுத்தோம், எல்லா பாயின்ட்டும் ஃபிக்ஸ், அதாவது அளவு முடிவாயிடுச்சுன்னு செட்டு சொல்றது, கன்ட்ரோலர்ல 1 சென்டி ஒண்ணரை சென்டின்னு தான் காட்டுச்சு. அடுத்த நாள் அதே பாறை, அதே புள்ளி, மீதி ரெண்டு பக்கத்தையும் எடுத்தோம், அதுவும் ஃபிக்ஸ். வீட்டுக்கு வந்து ரெண்டையும் ஒண்ணா போட்டு பாத்தா வடகிழக்கு மூலை கல்லு, ரெண்டு நாளும் எடுத்தது, அது ரெண்டு எடத்துல விழுது. ரெண்டாவது நாள் பாயின்ட்டு கிழக்கால 1.71 மீட்டர், தெக்கால 0.93 மீட்டர் தள்ளியிருக்கு, உயரத்துல 2.64 வித்தியாசம். கல்லு நகரவே இல்ல, கடப்பாறை போட்டாலும் அசையாத கல்லு அது.

நான் அளக்கும்போது பக்கத்து கொல்லைக்காரரு வரப்பு மேலயே நின்னு பாத்துக்கினு இருந்தாரு, சித்தப்பாவும் அவரும் நல்லா பேசுறவங்க தான், ஆனா நான் ரெண்டு மீட்டர் மாத்தி குறி வச்சிட்டா அந்த பேச்சு அப்படியே இருக்குமான்னு பயமா இருக்கு. அதனால இன்னும் யாருக்கும் எதையும் காட்டல.

செட்டு வித்தவருக்கு போன் பண்ணேன், "தம்பி உன் செட்டுல கரெக்‌ஷன் சர்வீஸ் இல்ல, வருஷ சந்தா கட்டி ஒண்ணு போட்டுக்கோ, எல்லாம் சரியாகிடும்"னு சொன்னாரு. அதுல நாலஞ்சு வகை சொல்றாரு, நெட்டுல வர்றது, சேட்டிலைட்லயே வர்றது, கவர்மென்ட்டுது, ஃப்ரீயா இருக்குறதுன்னு. எனக்கு எது வேணும்? வாங்கினா இந்த 2 மீட்டர் போயிடுமா? இன்னொண்ணு, சாயங்காலம் ஆறரை ஏழுக்கு மேல ஃபிக்ஸ் நிக்கவே மாட்டேங்குது, ஃப்ளோட்டுக்கு போயிடுது, அது செட்டு கோளாறா? உயரமும் போன்ல காட்டுறத விட கிட்டத்தட்ட 90 மீட்டர் கம்மியா காட்டுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி_ரோவர்:

தம்பி பதறாத. மூணு விஷயம் மட்டும் சொல்லு. பேஸ ஆன் பண்ணும்போது கோஆர்டினேட் (அது நிக்குற எடத்த சொல்ற எண்ணு) நீயா டைப் பண்ணியா, இல்ல அதுவே எடுத்துக்கட்டும்னு பட்டன அமுக்கினியா? ரெண்டாவது நாள் பேஸோட ஆன்டெனா உயரம் அளந்தியா? அந்த மூலைக்கல்லு தவிர ரெண்டு நாளும் எடுத்த வேற பாயின்ட்டு ஏதாவது இருக்கா? மூணாவது தான் முக்கியம், நல்லா தேடிப்பாரு.

ஒடுகத்தூர்_மாந்தோப்பு:

அண்ணா, ரெண்டு நாளும் பட்டன தான் அமுக்கினேன், ஒரு நிமிஷம் ஆவரேஜ் எடுத்து அதுவே ஒரு கோஆர்டினேட் போட்டுக்கிச்சு. உயரம் முதல் நாள் டேப் வச்சி அளந்தேன் 1.52ன்னு, ரெண்டாவது நாள் ட்ரைபாட் கால மாத்தி விரிச்சோம் ஆனா 1.52ன்னே விட்டுட்டேன், இப்போ தான் புரியுது அது தப்புன்னு. தேடிப்பாத்தேன், தோப்பு வாசல்ல இருக்குற ஈபி கம்பத்தோட அடியையும் ரெண்டு நாளும் எடுத்திருக்கேன். அதுல கிழக்கால 1.69, தெக்கால 0.95. உயரம் 2.66.

பழைய_செயின்மேன்:

தம்பி, நீ மறந்தாப்புல எடுத்த அந்த ஈபி கம்பம் உன்ன காப்பாத்திடுச்சு. ரெண்டு பாயின்ட்டுலயும் நகந்தது ஒரே அளவு, ஒரே திசை, 2 சென்டி தான் வித்தியாசம். அப்படின்னா உன் அளவு ரெண்டு நாளும் சரி. தப்பு பேஸ்ல இருக்கு, அதுவும் செட்டு தப்பு இல்ல, அதுகிட்ட நீ சொன்ன எடம் தப்பு. இதுக்கு சந்தா கட்டி எந்த சர்வீஸும் வாங்க வேணாம். ரெண்டாவது நாள் எடுத்த எல்லா பாயின்ட்டையும் மேக்கால 1.70, வடக்கால 0.94 தள்ளு, முடிஞ்சது. உயரத்த இப்போதைக்கு தொடாத.

ஏன்னு சொல்றேன், ஏன்னா இது தெரியாம பல வருஷமா இந்த செட்ட வச்சிக்கினு வேலை செய்றவங்கள நான் பாத்திருக்கேன்.

நான் ஆற்காடு பக்கம் சங்கிலி புடிச்சு தொழில் கத்துக்கினவன். சங்கிலியில 100 லிங்க்கு, மொத்தம் 66 அடி, ஒரு லிங்க்கு 20 சென்டிக்கு ஒரு சொட்டு மேல. சேட்டிலைட்லேர்ந்து வர்ற எல்1 அலை இருக்கே, அதோட ஒரு அலை நீளம் 19 சென்டி. கிட்டத்தட்ட நம்ம லிங்க்கு தான். சேட்டிலைட் 20,000 கிலோமீட்டருக்கு மேல நிக்குது, அங்கேர்ந்து உன் ரோவர் மாட்டியிருக்குற கம்பு உச்சி வரைக்கும் 19 சென்டி லிங்க்குல ஒரு சங்கிலி தொங்குதுன்னு வச்சிக்கோ. உன் ரிசீவருக்கு கடைசி லிங்க்குல எவ்ளோ பங்கு வந்திருக்குன்னு மில்லிமீட்டர் கணக்குல தெரியும். ஆனா மேல முழு லிங்க்கு எத்தனை கோடி இருக்குன்னு தெரியாது. அந்த முழு எண்ணிக்கைய கண்டுபுடிக்கிறது தான் ஃபிக்ஸ். எண்ணிக்கை இன்னும் முடிவாகல, உத்தேசமா வச்சிருக்குன்னா ஃப்ளோட். அந்த எண்ணிக்கைய கண்டுபுடிக்க விடாம கெடுக்குறது என்னன்னா சேட்டிலைட் கடிகார தப்பு, அது சுத்துற பாதையில தப்பு, நடுவுல காத்து மண்டலம். இதெல்லாம் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ரெண்டு ரிசீவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி தான் வரும். அதனால ஒண்ண அசையாம வச்சி, அதுல வர்ற தப்ப இன்னொண்ணுக்கு சொல்லிக் கழிச்சிட்டா ரோவர் சென்டிமீட்டருக்கு வந்துடும். கரெக்‌ஷன்னு சொல்றது இந்த கழிக்கிற கணக்கு தான், பேஸ்லேர்ந்து ரேடியோவுல போனாலும் சரி, நெட்டுல வந்தாலும் சரி.

இப்போ உன் விஷயத்துக்கு வா. ரோவர் கண்டுபுடிக்கிறது பேஸ்லேர்ந்து தான் எவ்ளோ தூரம், எந்த பக்கம்ங்கறது மட்டும் தான். அத பேஸோட கோஆர்டினேட்டுல கூட்டி உனக்கு காட்டுது. நீ பட்டன அமுக்கினதும் பேஸ் தன்னந்தனியா எந்த உதவியும் இல்லாம ஒரு எடம் சொல்லிச்சு, தனியா நிக்குற ரிசீவர் 2 மீட்டர் 3 மீட்டர் தப்பா சொல்றது சாதாரணம், உயரத்துல இன்னும் மோசம். அடுத்த நாள் சேட்டிலைட் நிக்குற எடம் வேற, காத்து மண்டலம் வேற, அதனால வேற ஒரு தப்பு சொல்லிச்சு. ரோவர் ரெண்டு நாளும் பேஸ நம்பி ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. ஃபிக்ஸ்னு பச்சையா காட்டுறது பேஸுக்கும் ரோவருக்கும் நடுவுல இருக்குற அளவுக்கு மட்டும் தான், பேஸ் சரியான எடத்துல இருக்கான்னு அதுக்கு தெரியவே தெரியாது.

ஒரே பாறையில திரும்ப வைக்கிறதா இருந்தா முதல் நாள் கோஆர்டினேட்ட நோட்டுல எழுதி வச்சிக்கினு ரெண்டாவது நாள் அதையே டைப் பண்ணணும். அந்த பட்டன தொடக்கூடாது. தினமும் ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் ஒரே கல்ல எடுத்து பாக்கணும், நான் இன்னிக்கு வரைக்கும் அத விட்டதில்ல. இந்த தேசத்த அளக்குற வேலையே 1802ல பரங்கிமலை பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்ட லாம்டன் 57 நாள் சங்கிலி போட்டு அளந்ததுல தான் தொடங்குச்சு. அந்த ஒரு கோட்டுக்கு அவ்ளோ நாள் செலவு பண்ணாங்கன்னா காரணம் இருக்கு, மத்த எல்லாமே அதுல தொங்குது.

எல்லைக்கு உனக்கு இப்போ வேண்டியது எஃப்எம்பி, அதாவது உன் சர்வே நம்பருக்கு உண்டான நில அளவை வரைபடம். அதுல கல்லுக்கு கல்லு அளவு இருக்கும், பழைய படமா லிங்க்குல இருந்தா 0.2012ஆல பெருக்கினா மீட்டர். உன் பாயின்ட்டு பூமியில எங்க இருக்குங்கறது அந்த படத்துக்கு தேவையே இல்ல, கல்லுக்கு கல்லு தூரம் சேருதா பாரு. நீ வைக்கிற குறி உனக்கு தேடுறதுக்கு தான், எல்லைய உறுதி பண்றது தாலுக்கா சர்வேயர் தான், அத சித்தப்பாவுக்கும் பக்கத்து கொல்லைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிடு.

ஏலகிரி_ட்ரோன்:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா சர்வீஸே வேணாம்னு தம்பி முடிவு பண்ணிடக்கூடாது, ஏன்னா இந்த வேலைக்கு வேணாம், அடுத்த வேலைக்கு வேணும். நாளைக்கு ஒரு லேஅவுட்டுக்கு கூப்பிட்டு "கூகுள்ல போட்டா சரியா உக்காரணும், ஆறு மாசம் கழிச்சி வேற ஆள் வந்து அளந்தாலும் சேரணும்"னு கேட்டா இந்த பாறை கோஆர்டினேட் உதவாது. நான் ட்ரோன் மேப்பிங் பண்றேன், எனக்கு தெரிஞ்ச வகைய சொல்றேன்.

நெட்டுல வர்றதுன்னா கோர்ஸ், எப்பவும் ஓடிக்கினு இருக்குற நிரந்தர பேஸ் ஸ்டேஷனுங்க. சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரம் ஸ்டேஷனுக்கு மேல வச்சிருக்காங்க, நம்ம பக்கத்துலயும் இருக்கு. ரெஜிஸ்டர் பண்ணினா யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுப்பாங்க, கன்ட்ரோலர்ல என்ட்ரிப்ல (கரெக்‌ஷன நெட்டுல அனுப்புற முறை) ஐபி, போர்ட் போட்டு மவுன்ட்பாயின்ட் (எந்த கரெக்‌ஷன் வேணும்ங்கறது) தேர்ந்தெடுத்தா போதும், உன் ரோவர் தன் எடத்த சர்வருக்கு அனுப்பும், சர்வர் சுத்தி இருக்குற ஸ்டேஷன் எல்லாத்தையும் வச்சி உன் பக்கத்துலயே ஒரு பேஸ் இருக்குற மாதிரி கணக்கு பண்ணி திருப்பி அனுப்பும். 3 சென்டி கிட்ட வரும். அப்போ உனக்கு பேஸே வேணாம், ஒரு ஆளு கூலி மிச்சம். டேட்டா ரொம்ப ஆகாது, மணிக்கு சில எம்பி தான். ஆனா டவர் இல்லாத எடத்துல ஒண்ணும் நடக்காது, ஜவ்வாது மலை மேல போனா உனக்கே தெரியும், அங்க உன் ரேடியோ செட்டு தான் ராஜா.

சேட்டிலைட்லயே வர்றதுன்னு அவர் சொன்னது எல் பேண்ட். இதுல பக்கத்து பேஸ் கிடையாது, உலகம் பூரா இருக்குற ஸ்டேஷன வச்சி சேட்டிலைட்டோட கடிகாரத்தையும் பாதையையும் திருத்தி வானத்துலேர்ந்து ஒளிபரப்புவாங்க, பிபிபி ன்னு பேரு. டவர் வேணாம். ஆனா ஆன் பண்ணதும் வராது, சில நிமிஷத்துலேர்ந்து அரை மணி வரைக்கும் காத்திருக்கணும், மாமரத்துக்கு அடியில போய் சிக்னல் அறுந்தா திரும்பவும் முதல்லேர்ந்து. சந்தாவும் உண்டு. உன் தோப்புக்கு இது ஆகவே ஆகாது.

ஃப்ரீன்னா ஐரோப்பாவோட கலிலியோ ஹாஸ், 2023 ஜனவரியில தொடங்கினது. கலிலியோ சேட்டிலைட்டே இ6 அலையில குடுக்குது, காசு இல்ல, உன் ரிசீவர் இ6 எடுக்குற மாதிரி இருக்கணும் அவ்ளோ தான். அவங்க சொல்ற அளவு படுக்கையில 20 சென்டி, உயரத்துல 40. ஐயா கணக்குல ஒரு லிங்க்கு. டிராக்டர் ஓட்டவும், தென்னை எண்ணவும் போதும், எல்லைக்கு போதாது.

காசே இல்லாம உன் பாறைய சரி பண்ண ஒரு வழி இருக்கு. பேஸ அந்த புள்ளியில வச்சி நாலு மணி நேரம் ரா டேட்டா (சேட்டிலைட்லேர்ந்து வந்தத அப்படியே) ரெக்கார்ட் பண்ணு, ரைனெக்ஸ்ங்கற பொதுவான ஃபைல் வடிவமா மாத்தி கனடாவோட சிஎஸ்ஆர்எஸ் பிபிபியிலயோ ஆஸ்திரேலியாவோட ஆஸ்பாஸ்லயோ ஏத்து, மெயில்ல ரிசல்ட் வந்துடும். ஆஸ்பாஸ் பெங்களூரு ஐஐஎஸ்சி ஸ்டேஷன் மாதிரி உலக நெட்வொர்க்குல இருக்குற ஸ்டேஷன்கள வச்சி கணக்கு பண்ணும், வேலூர்லேர்ந்து நேர்கோட்டுல 170 கிலோமீட்டர் தான் அது. அன்னிக்கே அனுப்பினாலும் வரும், ரெண்டு மூணு வாரம் கழிச்சி அனுப்பினா கடைசி திருத்தின பாதைய வச்சி இன்னும் நல்லா வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தியா மொத்தமும் வருஷத்துக்கு சுமார் 5 சென்டி வடகிழக்கால நகருது. பிபிபி குடுக்குறது நீ அளந்த தேதிக்கு உண்டான எடம். கோர்ஸ் சர்வீஸ் பழைய ஒரு தேதிக்கு கட்டி வச்ச கோஆர்டினேட்டுல குடுக்கும். நடுவுல பத்து வருஷம்னா அரை மீட்டர் ஓடிடும். அதனால ஒரு வேலைய ஒரு சர்வீஸ்ல ஆரம்பிச்சா அதுலயே முடி, பாதியில மாத்தினா இப்போ பட்ட அதே கஷ்டம் திரும்பவும் வரும். நான் ஒரு குவாரி வேலையில இப்படி மாட்டிக்கினு மொத்த ஃப்ளைட்டையும் திரும்ப ஓட்டினேன்.

பழைய_செயின்மேன்:

ட்ரோன் தம்பி சொன்ன நகர்ற கணக்கு நல்ல விஷயம், ஒத்துக்கறேன். அதனால தான் ரிப்போர்ட்ல கோஆர்டினேட் மட்டும் எழுதி குடுக்காம எந்த சர்வீஸ், எந்த தேதி, எந்த டேட்டம் (கணக்குக்கு அடிப்படையா வச்ச பூமி வடிவம்), எந்த ஸோன் (மேப்ல பிரிச்சி வச்ச பட்டை)னு எழுதணும்னு சொல்றது. நம்ம வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணுமே யூடிஎம் மேப் முறையில 44வது ஸோன். ஓசூர் போனா 43. இத மாத்தி போட்டு வந்த ஃபைல என்கிட்ட கொண்டு வந்தவங்க இருக்காங்க.

வாணியம்பாடி_வயர்லெஸ்:

சாயங்கால பிரச்சனைய யாரும் தொடல, நான் சொல்றேன், எனக்கு ஹாம் ரேடியோ பழக்கம், இந்த விஷயம் ரொம்ப நாளா பாக்குறேன்.

உன் செட்டு நல்லா தான் இருக்கு தம்பி. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தெக்கால திருநெல்வேலி பக்கமா போகுது. அதனால தமிழ்நாடு மொத்தமும் அயனோஸ்பியர், அதாவது உயரத்துல மின்னேறி இருக்குற காத்து அடுக்கு, ரொம்ப கொந்தளிக்குற எடத்துல இருக்கு. சூரியன் மறைஞ்சதும் மேல அந்த அடுக்கு நிலை கொலைஞ்சி கீழேர்ந்து குமிழி மாதிரி கிளம்பி மேல போகும், சேட்டிலைட் அலை அது வழியா வரும்போது மினுக்கும், நட்சத்திரம் மினுக்குற மாதிரியே தான். மினுக்கினா ரிசீவர் எண்ணிக்கிட்டு இருந்த லிங்க்கு கணக்கு அறுந்து போயிடும், ஐயா சொன்ன சங்கிலி அறுந்தா திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும். அதான் ஃபிக்ஸ் போய் ஃப்ளோட் வருது. ஏழு மணியிலேர்ந்து நடு ராத்திரி வரைக்கும் இருக்கும், மார்ச் ஏப்ரல்லயும் செப்டம்பர் அக்டோபர்லயும் அதிகம், சூரியன்ல புள்ளி அதிகமா இருக்குற வருஷத்துல இன்னும் அதிகம், 2024 வாக்குல அந்த உச்சத்துல தான் இருந்தோம். இத ஆராய்ச்சி பண்ற ரேடாரே நமக்கு பக்கத்துல திருப்பதி போற வழியில காதங்கியில இருக்கு.

எந்த சர்வீஸ் வாங்கினாலும் இந்த நேரத்துல அடி வாங்கும், சந்தா கட்டினா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத. பேஸ் பக்கத்துல இருந்தா கொஞ்சம் தாங்கும், ஏன்னா ரெண்டு ரிசீவரும் ஒரே வானத்த பாக்கும். 10 கிலோமீட்டர் தாண்டினா உச்சி வெயில் நேரத்துலயே இங்க வித்தியாசம் தெரியும், வெளிநாட்டு மேனுவல்ல 30 கிலோமீட்டர்னு போட்டிருப்பான், அது அவன் ஊரு வானத்துக்கு. காலையில ஆறரைலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நம்ம ஊருக்கு நல்ல நேரம். வேலூர் வெயிலுக்கும் அது தான் நல்லது.

இன்னொண்ணு, ஃபிக்ஸ் போய் திரும்ப வந்தா உடனே பாயின்ட் எடுக்காத. எண்ணிக்கை தப்பாவே ஃபிக்ஸ்னு காட்டும் சில சமயம், மரத்தடியில நிச்சயமா நடக்கும். கம்ப சாய்ச்சி ரோவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி இன்னொரு தடவ எடு, ரெண்டும் சேந்தா தான் அது பாயின்ட்டு.

ஆரணி_சிவில்:

உயரம் பத்தி நான் சொல்றேன் தம்பி, நான் கால்வாய் வேலை பாக்குறதால இதுல தான் தினமும் புழங்குறேன். ரிசீவர் காட்டுறது கணக்குக்காக வச்சிருக்குற முட்டை வடிவத்துலேர்ந்து உயரம், எலிப்சாய்டுன்னு சொல்றது. நாம சொல்றது கடல் மட்டத்துலேர்ந்து. தெக்கு இந்தியாவுல கடல் மட்டம் அந்த முட்டைய விட 80, 90 மீட்டர் கீழ இருக்கு, உலகத்துலயே இந்த மட்டம் ரொம்ப கீழ போற எடம் நமக்கு தெக்கால இந்தியப் பெருங்கடல்ல தான். உன் போன் அந்த வித்தியாசத்த சரி பண்ணி காட்டுது, உன் செட்டுல ஜியாய்டு ஃபைல் (அந்த வித்தியாசம் எங்க எவ்ளோன்னு இருக்குற ஃபைல்) போடல, அதான் 90 மீட்டர் கம்மி. ஃபைல் போட்டா ஏறக்குறைய சரியாகும். ஆனா தண்ணி ஓட்டத்துக்கு லெவல் வேணும்னா அத நம்பாத, பக்கத்துல இருக்குற பெஞ்ச் மார்க்லேர்ந்து ஆட்டோ லெவல் போட்டு கொண்டு வா. ஏரி மதகுக்கு 10 சென்டி தப்பினாலும் தண்ணி ஏறாது.

ரெண்டாவது நாள் ஆன்டெனா உயரம் அளக்கலன்னு சொன்ன இல்ல, அதோட தப்பு அந்த 2.64க்குள்ள கலந்திருந்தாலும் பரவாயில்ல. எல்லாம் ஒரே அளவு நகந்ததால அதையும் சேத்து மொத்தமா கழிச்சிக்கலாம், ஐயா வேணாம்னது பாதுகாப்புக்கு. வேலிக்கு உயரம் தேவையும் இல்ல.

குடியாத்தம்_தறி:

நான் சர்வேயர் இல்ல, படிச்சிக்கினு இருந்தேன், ஒரு சந்தேகம். ககன்னு நம்ம அரசாங்கமே ஃப்ரீயா வச்சிருக்கு, நாவிக்கும் வந்துடுச்சு, போன்லயே நிலத்த அளக்கலாம்னு வீடியோல்லாம் வருதே, அது போதாதா?

ஏலகிரி_ட்ரோன்:

அண்ணா, ககன் விமானத்துக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேந்து செஞ்சது, ஜிசாட் 8, ஜிசாட் 10, ஜிசாட் 15 வழியா வருது. ஓடுபாதைக்கு இறங்குறதுக்கு 2015ல அனுமதி கிடைச்சது, நமக்கு பெருமையான வேலை, நம்ம மாதிரி கொந்தளிக்குற வானத்துக்கு கீழ அத செஞ்சது சாதாரணம் இல்ல. ஆனா அது அலைய எண்ணாது, சேட்டிலைட் அனுப்புற கோட் சிக்னல வச்சி வர்ற தூரத்த திருத்துது, ஒண்ணு ரெண்டு மீட்டருக்கு கொண்டு வரும். விமானத்துக்கு முக்கியம் சென்டிமீட்டர் இல்ல, தப்பு வந்தா சில நொடியில "நம்பாத"ன்னு சொல்றது, அத தான் ககன் செய்யுது. நாவிக் கரெக்‌ஷன் சர்வீஸே கிடையாது, அது ஜிபிஎஸ் மாதிரி தனி சேட்டிலைட் கூட்டம். போன்ல 3 மீட்டர் தப்பு வந்தா 50 சென்ட் நிலத்துல எவ்ளோ ஆகும்னு பாருங்க. 50 சென்ட்டுன்னா சுமாரா 45க்கு 45 மீட்டர், நாலு பக்கமும் 3 மீட்டர் உள்ள போனா 12 சென்ட்டுக்கு மேல காணாம போயிடும். எவ்ளோ ஏக்கர் இருக்கும்னு ஒரு அந்தாசுக்கு பாக்கலாம், கல்லு வைக்க கூடாது.

ஒடுகத்தூர்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழிச்சி வர்றேன்.

ரெண்டாவது நாள் பாயின்ட்ட ஐயா சொன்ன மாதிரி மொத்தமா நகத்தினேன். அப்புறம் எஃப்எம்பி எடுத்து வச்சி தெரிஞ்ச கல்லுக்கு கல்லு பாத்தேன். வடகிழக்கு கல்லுலேர்ந்து தென்கிழக்கு கல்லு படத்துல 412 லிங்க்கு, அதாவது 82.88 மீட்டர், எனக்கு 82.79 வந்தது. 9 சென்டி. அரை லிங்க்கு கூட இல்ல. சித்தப்பாகிட்ட காட்டினேன், நகத்துறதுக்கு முன்னாடி ஒரு நாளு கல்லும் மறு நாளு கல்லும் கலந்து அளந்தா எப்படி வந்துச்சுன்னும் காட்டினேன், மறைக்கல.

அப்புறம் தென்மேற்கு கல்லுக்கு ரெண்டு பக்கத்து கல்லுலேர்ந்தும் லிங்க்கு கணக்கு போட்டு வெட்டிக்குற எடத்த ஸ்டேக் அவுட் பண்ணோம், அதாவது ரோவர வச்சி தரையில குறிச்சோம். காலையில எட்டு மணி, ஃபிக்ஸ் ஆடவே இல்ல. பக்கத்து கொல்லைக்காரரையும் கூப்பிட்டோம், சித்தப்பா தான் கூப்பிட சொன்னாரு, இது தேடுறதுக்கு மட்டும் தான் சர்வேயர் வந்து தான் முடிவுன்னு முன்னாடியே சொல்லிட்டோம். மம்முட்டி அவரே புடிச்சாரு. முக்கால் அடி தோண்டினதும் டக்குன்னு சத்தம். கல்லு. தலையில வெட்டின குறியோட. நான் ஆணி அடிச்ச எடத்துலேர்ந்து 14 சென்டி. எனக்கு கை நடுங்கிடுச்சு ஐயா. என் கணக்கு யாரோ எந்த காலத்துலயோ சங்கிலி போட்டு வச்ச கல்லு பக்கத்துல போய் நின்னுச்சு.

வடமேற்கு கல்லு கிடைக்கல, ரெண்டு அடி தோண்டியும் இல்ல, அங்க பெரிய புளியமரம் இருக்கு, வேர் தூக்கியிருக்கலாம், இல்ல மரத்தடியில எனக்கு தப்பா ஃபிக்ஸ் காட்டியிருக்கலாம். வயர்லெஸ் அண்ணா சொன்ன மாதிரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணி எடுத்தேன், மூணு தடவையில ஒண்ணு 40 சென்டி தள்ளி விழுந்துச்சு. அத டோட்டல் ஸ்டேஷன்ல எடுக்க போறேன். சந்தா இப்போ கட்டல, கோர்ஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணி வச்சிருக்கேன். பாறையில நாலரை மணி நேரம் ரெக்கார்ட் பண்ணி ரைனெக்ஸ் எடுத்தாச்சு, மூணு வாரம் கழிச்சி அனுப்புறேன்.

பழைய_செயின்மேன்:

அந்த மூணு தடவையும் எடுத்த அளவ அழிக்காத, மூணையும் போடு பாக்கலாம். டோட்டல் ஸ்டேஷன தென்மேற்கு கல்லு மேலயே வை, வடகிழக்கு கல்ல பின் பார்வையா (திசைக்கு ஆதாரமா முதல்ல பாக்குற புள்ளி) எடு. புளியமரத்துக்கு கிழக்கால ஒரு முழம் தள்ளியும் தோண்டிப்பாரு தம்பி, வேர் கல்ல எப்பவும் ஒரு பக்கமா தான் தள்ளும்.